மூப்பது கருப்பையா, கருமுட்டையா?

கோழி முட்டையையும் ஆமை முட்டையையும் அறியாத மக்கள் இல்லை. ஆயின், மனிதனும் முட்டையிலிருந்தே தோன்றுகிறான் என்பது நிறுவப்பட்டு இன்னும் 200 ஆண்டுகள் நிறைவு பெறவில்லை. அந்த முட்டையின் தரமே மகப்பேற்றைப் பெரிதும் முடிவு செய்கிறது. உடலுக்கு வெளியே கருவூட்டும் மருத்துவத்தின் வெற்றியும் அதையே முதன்மையாகச் சார்ந்து நிற்கிறது. இது தெளிவுபட்டதோ 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதுவரையில் பழி கருப்பையின் மேல் கிடந்தது. பாமர மக்கள் மட்டுமன்றி, ஆராய்ச்சி அறிஞர்களும் அந்தப் பழியைச் சுமத்துவதில் பங்கு கொண்டனர் என்பது பலரும் அறியாத செய்தி.

பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணுக்கு 'மலடி' என்றும் 'வறடி' என்றும் தமிழில் பெயர் உண்டு. இவற்றுக்கு நேரான ஆண்பாற் சொல் மக்கள் நாவில் அவ்வளவாகப் புழங்குவதில்லை. 'மலட்டு நிலம்' என்ற வழக்கும் உடன் நிற்கிறது. பெண்ணை நிலமாக உவமித்துவிட்டால் விதை ஆணுடையது என்றாகிவிடும். பெண்ணிடத்தும் ஒரு விதை உண்டு என்ற எண்ணம் அந்த உவமையில் நுழையவே இடமில்லை. இது தமிழர்க்கு மட்டும் உரிய குறையன்று. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் கூட, உருவைத் தருவது ஆண், வெறும் பொருளைத் தருவது பெண் என்றே எழுதினார்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லசின் மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஹார்வி. குருதியோட்டத்தைக் கண்டறிந்த அதே ஹார்விதான். மன்னர் வேட்டையாடிய பெண் மான்களை அவர் அறுத்துப் பார்த்தார். புணர்ச்சிக்குப் பின் பல நாட்கள் கழிந்தும் கருப்பையில் ஒன்றும் தென்படவில்லை. 1651இல் வெளியான தம் நூலின் முகப்புப் படத்தில் 'எல்லாம் முட்டையிலிருந்தே' என்ற கருத்தைப் பொறித்தவர் அவர். ஆனால் பாலூட்டிகளின் முட்டையை அவர் கண்டதே இல்லை. சூலகத்துக்கு இதில் வேலை ஒன்றும் இல்லை என்று கருதிய அவர், மூளை எண்ணத்தைக் கருக்கொள்வது போலக் கருப்பை உயிரைக் கருக்கொள்கிறது என்று விளக்கம் தந்தார். கருப்பையே எல்லாம் என்ற நம்பிக்கைக்கு இவ்வாறு ஒரு மாபெரும் அறிஞரின் முத்திரையும் கிடைத்தது.

ஹாலந்து நாட்டு ரெக்னியர் தெ கிராஃப் 1672இல் சூலகத்தில் உள்ள கொப்புளங்களை விரித்து எழுதினார். முட்டை அங்கேதான் உள்ளது என்று துணிந்த அவர், அடுத்த ஆண்டே 32 வயதில் மறைந்தார். அவர் முட்டை என்று எண்ணியது முட்டையைப் பொதிந்திருக்கும் பையை. உண்மையான முட்டையைக் கோனிக்ஸ்பர்க் நகரில் 1827இல் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர். உடன் பணியாற்றிய பேராசிரியர் புர்டாக் வீட்டில் வளர்ந்த ஒரு நாயின் சூலகத்தில், பைக்குள் மஞ்சட் புள்ளி ஒன்று இருப்பதை அவர் பார்த்தார்; அதை நுணுக்குக் காட்டியில் வைத்து நோக்கியபோது திடுக்கிட்டுப் போனார். மனித முட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கூரிய கண்ணுக்கு ஊசிமுனைப் புள்ளியாகத் தென்படக்கூடிய அளவுதான். எனினும் உடலின் உயிரணுக்களுள் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று.

முட்டை எப்பொழுது உருவாகிறது? இந்த வினாவில்தான் மூப்பின் மறைபொருள் அடங்கியிருக்கிறது. பெண் மகவு பிறக்கும்பொழுதே அவள் வாழ்நாளுக்குரிய முட்டைகள் அனைத்தும் சூலகத்தில் இருப்பாகி விடுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் வால்டேயர் 1870இல் எழுதினார். பின்வந்தோர் சிலர் இதை மறுத்தனர். மாதந்தோறும் புதிய முட்டைகள் உண்டாகின்றன என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்த கொள்கை. 1951இல் சோலி சுக்கர்மன் சான்றுகளை ஒருங்கு திரட்டி ஆராய்ந்து, வால்டேயர் கூற்றே பொருந்தும் என்று நிலைநாட்டினார். 1963இல் பேக்கர் என்பவர் மனிதச் சூலகங்களில் முட்டையணுக்களை எண்ணிக் கணக்கு வெளியிட்டார். தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும் பெண் மகவிடம் ஏறத்தாழ 70 இலட்சம். பிறக்கும்போது ஏறத்தாழ 20 இலட்சம். பூப்பெய்தும் பருவத்தில் மூன்று நான்கு இலட்சமே எஞ்சும். அவற்றுள்ளும் வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுபவை 400 அல்லது 500 மட்டுமே. மற்றவை யாரும் அறியாமல் அழிந்தொழிகின்றன. எலிகளைக் கொண்டு 2004இல் சிலர் மீண்டும் இக்கொள்கையை அசைத்துப் பார்த்தனர். பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து மாறவில்லை.

எந்த மனிதனும் உருவாவதற்குக் காரணமான முட்டை, அவன் தாய் தன் தாயின் வயிற்றில் கருவாகக் கிடந்த காலத்திலேயே உருவாகிவிட்டது. அம்மாவழிப் பாட்டியின் வயிற்றில் அந்த முட்டை ஒருமுறை இருந்திருக்கிறது. ஆணின் விந்தணுவோ இரண்டரை மாத அளவில் புதிதாக ஆக்கப்படுவது. நாற்பது வயதில் கருக்கொள்ளும் பெண்ணின் முட்டைக்கும் வயது நாற்பது. சரியாகச் சொன்னால், நாற்பதுக்கும் மேலே சில மாதங்கள்.

இனி, முட்டையை உடலுக்கு வெளியே எடுத்து வளர்க்க முனைந்தவர்களின் கதைக்கு வரவேண்டும். அமெரிக்கரான கிரெகரி பிங்கஸ் 1930களில் முயலின் முட்டையைக் கண்ணாடிக் கலத்தில் வைத்து முதிரச் செய்தார். 12 மணி நேரத்தில் அது முதிர்ந்தது. மனித முட்டைக்கும் அவ்வளவே போதும் என்று அவர் எழுதினார். அவருடைய பெயர்க்கு இருந்த மதிப்பால் அந்தக் கணக்கும் ஒரு தலைமுறைக்கு நின்றுவிட்டது.

பாஸ்டன் நகரை அடுத்த பெண்கள் மருத்துவமனை ஒன்றில் ஜான் ராக் என்ற மருத்துவரும், அவருடைய உதவியாளர் மிரியம் மென்கின் என்ற அம்மையாரும் ஆறு ஆண்டுகள் உழைத்தனர். அறுவை மருத்துவத்துக்கு வந்த பெண்களிடமிருந்து அவர்கள் தேடி எடுத்த முட்டைகள் ஏறத்தாழ 800. விந்தணுவோடு சேர்த்து வைத்தவை 138. வாரந்தோறும் ஒரே தோல்வி. 1944 பிப்ரவரியில் ஒரு நாள், பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த அம்மையார், வழக்கமான அரைமணி நேரத்துக்குப் பதிலாக ஒரு மணி நேரம் முட்டையை விந்தணுவோடு விட்டு வைத்தார். அந்த முட்டை இரண்டு அணுவாகப் பிரிந்தது. உடலுக்கு வெளியே கருவுற்ற மனித முட்டை என்று அறிக்கை பெற்ற முதல் முட்டை அதுவே. அவ்வாண்டே கணவரின் வேலை காரணமாக அம்மையார் ஊர் மாற நேர்ந்தது, ஆராய்ச்சியும் தடைப்பட்டது. கட்டுரைகளில் ராக் பெயர் பெரிதாகவும் மென்கின் பெயர் சிறிதாகவும் வருவதுதான் இன்றளவும் வழக்கம்.

இங்கிலாந்தில் ராபர்ட் எட்வர்ட்ஸ் 1960களின் தொடக்கத்தில் இதே வேலையை மேற்கொண்டார். மனிதச் சூலகத் துண்டுகள் அரிதாகவே கிடைத்தன. எட்ஜ்வேர் மருத்துவமனையில் இருந்த மாலி ரோஸ் என்ற பெண் மருத்துவர் அவ்வப்போது கொடுத்து உதவினார். பிங்கசின் கணக்கை நம்பி 12 மணி நேரம் காத்திருந்த எட்வர்ட்சுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. 15 மணி, 18 மணி, 24 மணி என்று பார்த்தும் முட்டை உறங்கிக்கொண்டே இருந்தது. மேலும் பொறுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 25 மணிக்கு மேல் முட்டையினுள் நிறக்கோல்கள் அசையத் தொடங்கின. 36 மணி அளவில் அது முதிர்ந்து நின்றது. 1965இல் இதனை அவர் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். பிங்கசின் 12 மணி முயலுக்குரிய கணக்கு. 36 மணி பெண்ணுக்குரிய கணக்கு. முட்டையின் தரத்துக்கு முதல் அளவுகோல் முதிர்ச்சி என்ற பாடம் இங்கே கிடைத்தது. இன்றும் மருத்துவர்கள் கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டையை எடுக்கும் வழக்கம் இந்தக் கணக்கின் வழி வந்ததே.

ஓல்டாம் நகரில் பாட்ரிக் ஸ்டெப்டோ என்ற மருத்துவரும், ஜீன் பர்டி என்ற செவிலியரும் எட்வர்ட்சுடன் சேர்ந்து பத்தாண்டுகள் போராடியது பலரும் படித்த வரலாறு. முட்டையோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் இங்குச் சொல்வது போதும். சுரப்புநீர் ஊசிகளால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரச் செய்து அவர்கள் எடுத்து வந்தனர். கருக்கள் அழகாக உருவாயின, ஆனால் கருப்பையில் தங்கவில்லை. எனவே ஊசியைக் கைவிட்டு, இயற்கையாக அம்மாதம் முதிரும் ஒரே முட்டைக்குக் காத்திருந்தனர். 1977 நவம்பரில் லெஸ்லி பிரவுன் என்ற பெண்மணியிடம் எடுத்த ஒற்றை முட்டை, 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தையாகப் பிறந்தது. எட்வர்ட்சுக்கு நோபல் பரிசு 2010இல் கிடைத்தது. ஸ்டெப்டோவும் பர்டியும் அப்போது உயிரோடு இல்லை.

இதே சிக்கலுக்குக் கல்கத்தாவில் வேறொரு விடை கண்டவர் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். அவர் ஊசியைக் கைவிடவில்லை. பல முட்டைகளை முதிரச் செய்து எடுத்துக் கருவூட்டினார். ஊசியால் நிலைகுலைந்த அம்மாதத்துக் கருப்பையில் கருவை வைக்காமல், 53 நாட்கள் உறைகுளிரில் காத்து, பின்னர் இயற்கையான வேறொரு மாதத்தில் வைத்தார். 1978 அக்டோபர் 3 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. முட்டையின் நேரமும் கருப்பையின் நேரமும் வேறுவேறு என்று பிரித்துப் பார்த்த அந்த நுண்ணறிவு, இன்று உலகெங்கும் அன்றாட வழக்கமாகிவிட்டது. அவருடைய அரசாங்கமோ ஒரு குழுவை அமைத்து அவர் கூற்றை நம்பத்தகாதது என்று ஒதுக்கியது. அவர் 1981 ஜூன் 19 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற்குழந்தை என்று எழுதப்பட்டது. அக்குழந்தையின் பிறப்புக்குக் காரணமான டி. சி. ஆனந்தகுமார் என்ற அறிஞரே, முகோபாத்யாயவின் குறிப்புகளைப் படித்தபின், முதன்மை அவருக்கே உரியது என்று 1997இல் எடுத்துரைத்தார். இத்தகைய நேர்மை ஆராய்ச்சி உலகில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று.

சிங்கப்பூரில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில், 1983 மே 19 அன்று இம்முறையால் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதற்குழந்தை என்று அப்போது அது போற்றப்பட்டது; கல்கத்தாக் குழந்தையை அன்று உலகம் கணக்கில் கொள்ளவில்லை. அந்த மருத்துவக் குழுவின் தலைவர் பேராசிரியர் எஸ். எஸ். இரத்தினம் அவர்கள், 1928இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரின் மகப்பேற்று மருத்துவத்துக்குத் தம் வாழ்நாளை ஈந்த தமிழர். 2001இல் அவர் மறைந்தார்.

சோதனைக்குழாய்க் குழந்தைகள் பெருகப் பெருக ஓர் உண்மை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரியாக வெளிப்பட்டது. முப்பது வயதில் எளிதாகக் கூடிவந்த சிகிச்சை நாற்பதைத் தாண்டியவர்க்குக் கூடிவரவில்லை. மூத்தது எது? கருப்பையா, முட்டையா? விடை தயாராக இருந்தது. 1966இல் டால்பெர்ட், கிரோன் என்ற இருவர் எலிகளில் கருவை மாற்றி வைத்துப் பார்த்திருந்தனர். கிழட்டு எலியின் கரு இளம் எலியின் கருப்பையில் நன்கு வளர்ந்தது. இளம் எலியின் கருவோ கிழட்டு எலியின் கருப்பையில் நிலைக்கவில்லை. ஆகவே குற்றம் கருப்பையினுடையது என்ற முடிவு வந்தது. அது எலியைப் பொறுத்தவரை செம்மையான ஆராய்ச்சிதான். பெண்ணுக்கும் அதுவே என்று நீட்டியதில்தான் பிழை நேர்ந்தது. முயலின் 12 மணி நேரம் ஒருமுறை வழிதவறச் செய்தது போல, எலியின் கருப்பை இரண்டாம் முறை வழிதவறச் செய்தது.

மறுபுறத்தில், முட்டையைச் சுட்டும் சான்றுகளும் பல்லாண்டுகளாகவே இருந்தன. 1933இல் லயனல் பென்ரோஸ் என்ற ஆங்கில மருத்துவர் பல குடும்பங்களின் கணக்கை ஆராய்ந்து, டவுன் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் தொகை தாயின் வயது ஏற ஏறக் கூடுகிறது, தந்தையின் வயதோடு அதற்குத் தொடர்பில்லை என்று காட்டினார். அக்குழந்தைகளிடம் 21ஆம் நிறக்கோல் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதைப் பாரிஸ் நகர ஆய்வாளர்கள் 1959இல் அறிவித்தனர். தாயின் முட்டையில் நிறக்கோல்கள் சரிவரப் பிரியாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். 1968இல் எட்வர்ட்சே ஹெண்டர்சன் என்பவருடன் சேர்ந்து, மூத்த எலிகளின் முட்டையில் நிறக்கோல்களின் பிணைப்பு தளர்வதைக் கண்டெழுதினார். இவை ஒரு துறை நூல்களில் கிடந்தன. மகப்பேற்று மருத்துவம் வேறொரு துறையாக நடந்தது.

முடிச்சை அவிழ்த்தது முட்டைத் தானம். சூலகம் செயலிழந்த இளம்பெண் ஒருத்தி, வேறொருத்தி அளித்த முட்டையால் தாயான செய்தியை மெல்பர்ன் மோனாஷ் குழுவினர் 1984இல் வெளியிட்டனர். அதன்பின், கலிபோர்னியாவில் மார்க் சாவர், ரிச்சர்டு பால்சன், ரோஜிரியோ லோபோ ஆகியோர் 40 முதல் 44 வயது வரையுள்ள ஏழு பெண்களுக்கு இளம்பெண்களின் முட்டையைக் கொண்டு சிகிச்சை செய்தனர். முடிவு 1990இல் வெளிவந்தது. மூத்த கருப்பை, இளைய முட்டையிலிருந்து வந்த கருவை இளம்பெண்ணின் கருப்பையைப் போலவே ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே டேனியல் நவோத் குழுவினர், வயதால் மகப்பேறு குன்றுவதற்கு முட்டையின் தரக்குறைவே காரணம், கருப்பை ஏற்காமை அன்று என்பதைத் தம் ஆய்வுரையின் தலைப்பிலேயே வைத்து 'லான்செட்' இதழில் எழுதினர். இன்றைய கணக்குகளும் இதையே காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டுக்குப் பிரித்தானிய ஆணையம் வெளியிட்ட கணக்கில், 35 வயதுக்குக் குறைந்தவர்கள் கருப்பையில் வைத்த கருக்களில் நூற்றுக்கு 32 குழந்தையாயின. 43ஐ எட்டியவர்கள் தம் சொந்த முட்டையைக் கொண்டு முயன்றபோது அது நூற்றுக்கு 5 அளவிலேயே நின்றது. தானமாகப் பெற்ற முட்டையானால் அவ்வயதினர்க்கும் ஏறத்தாழ 30. முட்டை அளித்த அந்த இளம்பெண்களின் பெயர்கள் எந்த ஆய்வுரையிலும் இல்லை.

முட்டை ஏன் மூப்படைகிறது? அதனுள் இருக்கும் 46 நிறக்கோல்களும் இணை இணையாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. முதிரும் நாளில் கட்டு அவிழ்ந்து 23 உள்ளே நிற்க, 23 வெளியேற வேண்டும். அந்தக் கட்டைப் பிடித்திருக்கும் புரதக் கயிறு பெண் பிறக்குமுன்னரே கட்டப்பட்டது. இற்றுப்போனால் புதிய கயிறு வருவதில்லை என்பது எலிகளிடம் நடந்த ஆராய்ச்சிகளில் தெரியவந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தபின் கயிறு தானே அறுந்து, ஒரு நிறக்கோல் கூடியோ குறைந்தோ போகும். நிறக்கோல்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்போன்ற அமைப்பும் மூத்த முட்டைகளில் நிலைகுலைந்திருப்பதை 1996இல் படம்பிடித்துக் காட்டினர். நாற்பதைத் தாண்டியோரின் கருக்களில் பாதிக்கு மேல் இவ்வாறு எண்ணிக்கை பிறழ்ந்தவை. அவற்றுள் பெரும்பாலானவை தங்குவதில்லை, அல்லது தங்கியும் கலைந்துவிடுகின்றன. கருக்கலைந்த பெண்ணிடம் 'எதைத் தூக்கினாய், எங்கே நடந்தாய்' என்று கேட்கும் உறவினர்கள் அறியவேண்டிய செய்தி இது. குறை எப்போதும் பெண்ணிடத்தே என்றும் கொள்ளலாகாது. விந்தணுவின் குறையால் பிள்ளைப்பேறு வாய்க்காத குடும்பங்கள் பல. ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை 1992இல் பிரஸ்ஸல்சில் வெற்றி கண்டதும் அதனால்தான்.

முட்டையை இளமையாக்கும் முயற்சிகளும் நடந்தன. நியூ ஜெர்சியில் ஜாக் கோஹன் குழுவினர் இளம் முட்டையின் நீர்மத்தைச் சிறிது உறிஞ்சி, தரங்குன்றிய முட்டைக்குள் செலுத்தினர். 1997இல் ஒரு குழந்தையும் பிறந்தது. மூன்றாம் ஒருவரின் மரபுப் பொருளும் கலப்பதால், அமெரிக்க அரசு 2001இல் அதைத் தடுத்து நிறுத்தியது. மாத்திரைகளும் மருந்துக்கடைச் சத்துப்பொடிகளும் முட்டையின் தரத்தை உயர்த்தும் என்ற விளம்பரங்களுக்குக் குறைவில்லை. புகைபிடித்தல் முட்டை இருப்பைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. நாற்பது ஆண்டு முட்டையை முப்பதாக்கும் மாத்திரை எதற்கும் இதுவரை உறுதியான சான்று இல்லை. பிள்ளைக்கு ஏங்குவோரிடம் அத்தகைய பொடியை விலைகூறி விற்பது கொடுமை.

எஞ்சிய வழி, இளமையில் முட்டையை எடுத்து உறையவைப்பது. அடிலேய்டு நகரில் கிறிஸ்டபர் சென் 1986இல் உறைந்த முட்டையால் கருப்பேறு கண்டார். ஆயின், முட்டை நீர் மிகுந்த பொருள் ஆதலால் பனிப்படிகம் அதைக் கிழித்துவிடும். நொடிப்பொழுதில் கண்ணாடி போல் உறையச் செய்யும் முறை 2000த்துக்குப் பின்னர் ஜப்பானில் செம்மைப்பட்ட பிறகே இது நம்பத்தக்க வழியாயிற்று. அப்போதும் எத்தனை முட்டை எடுத்தாலும் குழந்தை உறுதி என்று யாரும் சொல்வதற்கில்லை.

சிங்கப்பூரில் கருவூட்டல் சிகிச்சை பெறும் பெண்களுக்கு இருந்த 45 வயது வரம்பு 2020 ஜனவரி 1 முதல் எடுக்கப்பட்டது. மருத்துவக் காரணம் இன்றியும் முட்டையை உறையவைத்துக்கொள்ளும் உரிமை 2023 ஜூலை 1 முதல் வழங்கப்பட்டது. அதற்கு வயது வரம்பு உண்டு, 21 முதல் 37 வரை. மணமாகாதவரும் எடுத்து வைக்கலாம். மணமான பின்னரே பயன்படுத்தலாம். கருவை ஏற்கும் வயதுக்கு வரம்பு இல்லை. முட்டையை எடுத்து வைக்கும் வயதுக்கு வரம்பு உண்டு. 1966இல் எலியை நம்பி எழுதியோர் கையில் இச்சட்டம் இருந்திருந்தால் வரம்புகள் தலைகீழாக அமைந்திருக்கும்.